தொட்டித் தண்ணீர்

கணேசபுரம் சப்வேக்குப் பக்கத்தில் என் பஞ்சர் கடை.
டியூபைத் தண்ணீரில் அமுக்கினால்
ஓட்டை தானே வாயைத் திறக்கும்.
இருபது வருடமாகக்
குமிழி பார்த்துத்தான் சோறு.

அதனால்தானோ என்னவோ
ஷகிலா டாக்டர் திரையைத் திருப்பி,
"இடது நுரையீரல், கீழ்ப்பக்கம்,
சின்னச் சின்னதா குமிழி மாதிரி" என்றபோது
புரிந்தவன்போலத் தலையாட்டினேன்.
பியூலா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.
கிரீஸ் அவள் விரலில் ஒட்டியது.

இருபதாவது வாரம்.
உள்ளே காற்று இல்லையாம், நீராம்.
ஷேர் ஆட்டோவில் ஏறும் இன்னொரு ஆளுக்கு
நகர்ந்து கொடுப்பதுபோல
இதயம் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

டயர்ப் புகையா, நான் தின்ன மாத்திரையா,
மாடிப்படி ஏறினதா என்று கேட்டாள்.
"யாரும் ஒண்ணும் பண்ணலம்மா.
உருவாகும்போது ஒரு கிளை வழி மாறிடுச்சு."

அப்புறம் வாரங்கள்.
கட்டியின் அளவைத் தலைச் சுற்றளவால் வகுத்து
ஒரு எண் சொல்வார்கள்.
ஒன்று புள்ளி ஆறைத் தொட்டால்தான் பயமாம்.
பேட்டரிக் கடை காலண்டரில்
பால் கணக்குக்குக் கீழே எழுதிவைத்தேன்:
0.9
1.3
1.6

பியூலாவுக்கு ஊசி போட்டார்கள், இரண்டு நாள்.
கடையில் ஒருத்தன் வண்டிக்குக்
காற்றை அடித்துக்கொண்டே இருந்தேன்,
"யோவ், வெடிச்சிரப் போவுது!" என்று
அவன் கத்தும்வரை.

பிறகு 1.4. பிறகு 1.1.
பிறகு டிசம்பர் மழை, சப்வேயில் இடுப்பளவு தண்ணீர்,
புளியந்தோப்பு சுற்றிப் போய்ச் சேர்ந்தோம்.
அன்றைக்குத் திரையில் குமிழியே தெரியவில்லை.
"போயிடுச்சா டாக்டர்?"
"மறைஞ்ச மாதிரி இருக்கும்.
போயிடுச்சுன்னு அர்த்தமில்ல.
பொறந்தப்புறமும் பாக்கணும், விட்டுடாதீங்க."

பிப்ரவரியில், எழும்பூரில், பிறந்தாள்.
ஆக்சிஜனும் குழாயும் நாலு பேரும்
தயாராய் நிற்க
அவள் அழுத அழுகையில்
ஒன்றையும் யாரும் தொடவில்லை.

நல்லாத்தானே இருக்கா, என்றான் என் அண்ணன்.
பால் குடிக்கிறா, நீலம் பாரிக்கல,
கத்தி எதுக்குடா?
ராத்திரி நானும் அதையேதான் சொன்னேன்.
பியூலா பதில் சொல்லாமல்
செல்போனில் ஒரு நிமிடம் வைத்து
மூச்சை எண்ணினாள்.
நாற்பத்திரண்டு. முப்பத்தொன்பது. நாற்பத்தைந்து.

மூன்றாம் மாதம் சிடி ஸ்கேன்.
அங்கேயேதான் இருந்தன எல்லாம்,
இப்போது காற்றோடு.
"விட்டு வெச்சா சளி கட்டி நிமோனியா வரலாம்,
வராமலும் போகலாம்.
இப்பவே எடுத்தா
மிச்ச நுரையீரல் வளர்ந்து இடத்தை நிரப்பிக்கும்.
யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் கோதண்டம் டாக்டர்.

வரலாம். வராமலும் போகலாம்.
ஒட்டுப் போட்டால் போதுமா, டியூபையே மாத்தணுமா
என்று கேட்கிறவனுக்கு
பட்டென்று பதில் சொல்கிறவன் நான்.
பியூலாதான் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட்.
விலாவில் மூன்று துளை,
ஒவ்வொன்றும் ஒரு அரிசி நீளம்.
நாலாவதாக ஒரு குழாய் இறங்கி
கட்டிலுக்குக் கீழே பாட்டிலுக்குப் போகிறது.
பாட்டிலில் தண்ணீர்.
தண்ணீரில் குமிழி.

"குமிழி வந்தா உள்ள இன்னும் கசியுதுன்னு அர்த்தம் அண்ணா,
நின்னுட்டா ஆறிடுச்சுன்னு அர்த்தம்"
என்றாள் நர்ஸ் ஜெபசெல்வி.
என்னிடமா சொல்கிறாய், அம்மா.

இரண்டு ராத்திரி தரையில் உட்கார்ந்து
அந்தப் பாட்டிலையே பார்த்தேன்.
தூங்கும்போது ஒன்று, எப்போதாவது.
அழும்போது நாலைந்து, சேர்ந்தாற்போல்.
ஓட்டையைத் தேடிக் கை பரபரத்தது.
சாக்பீஸால் குறி போட
அங்கே எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள், ஸ்டேஷனில்
ஏதோ ரயில் வந்து நின்ற சத்தத்தில்
ஷெரின் விழித்து வீறிட்டாள்.
குழாயில் தண்ணீர் ஏறியது,
இறங்கியது,
அவ்வளவுதான்.

பியூலாவை எழுப்பினேன்.
பார்த்தாள். நம்பவில்லை.
"இன்னொரு தடவ அழட்டும்" என்றாள்.
பால் புட்டியைப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு
இரண்டு பேரும்
குழந்தை அழக் காத்திருந்தோம்.