ரசம்

மசூக்கோ கடைத்தெருவில் மூன்றாவது தகரக் கொட்டகை
டெல்ஃபினாவுடையது. தங்கம் வாங்குமிடம்.
பலகையில் ஓர் எழுத்து உதிர்ந்துவிட்டது,
யாரும் தப்பாக வாசிப்பதில்லை.

ஆறு கொண்டுவருவது கலவை.
களிமண், குருமணல், காந்தத்தில் ஒட்டும் கருமணல்,
யாரோ தொலைத்த பொத்தான்,
எல்லாவற்றுக்கும் அடியில்
கடுகில் பாதியாய் அது.
கலவை பொல்லாதது அல்ல.
அலசினால் பிரியும், அரித்தால் பிரியும்,
பொறுமை இருந்தால்
ஒவ்வொன்றும் தன் பெயருக்குத் திரும்பிவிடும்.

பொறுமை இல்லாதவர்களுக்குப் பாதரசம்.
பீப்பாயில் ஊற்றி வெறுங்காலால் மிதிப்பான் இலாரியோ.
ஓடி ஓடித் தேடி,
மணலை விட்டு மஞ்சளை மட்டும் கட்டிக்கொள்ளும்.
பழைய சட்டைத் துணியில் வைத்துப் பிழிந்தால்
கோலிக்குண்டு அளவில் வெள்ளை உருண்டை.
அதைத்தான் அவளிடம் கொண்டுவருவார்கள்.

டெல்ஃபினா தீ வைப்பாள்.
வெள்ளை கருகாது, சிவக்காது,
சொல்லாமல் எழுந்து போகும்.
அடியில் பஞ்சுபோல் துளைகளோடு தங்கம்.
தனிமம் அப்படித்தான்.
எத்தனை அடித்துக் கேட்டாலும்
தன் பெயரை மட்டுமே சொல்லும் கைதி.

ஆனால்
எழுந்து போனதும் தனிமம்தானே.

கூரைத் தகரத்தில் ஒட்டியது கொஞ்சம்,
மழையோடு இறங்கியது மிச்சம்.
ஆற்றடிச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்
அதைக் கரியோடு முடிச்சுப் போட்டுவிட்டன.
இப்போது அது வேறு ஆள்.
சேர்மம்.
உருளாது, மின்னாது, ஓடி ஒளியாது.
புழுவில் ஏறி, பொடிமீனில் ஏறி,
மீசை வைத்த பெரிய கெளுத்தியில் ஏறி
வெள்ளிக்கிழமை அவள் தட்டில் வந்து உட்கார்ந்தது,
எலுமிச்சை பிழிந்து, வறுத்த வாழைக்காயோடு.

சுகாதார நிலையத்திலிருந்து எதில்பெர்தோ வந்தான்.
பிடரியில் ஒரு கொத்து முடி வெட்டி
உறையில் போட்டு எண் எழுதினான்.
"இருக்கிறதா என்று தெரிந்துவிடும்."
"தெரிந்தால்? பிழிந்து எடுப்பீர்களா? அரித்தா?"
அவன் தலையாட்டினான்,
ஆம் என்றா இல்லை என்றா என்று சொல்ல முடியாதபடி.

அவள் சிரித்துவிட்டாள்.
"எரித்துப் பார், தம்பி.
அடியில் மஞ்சளாய் ஏதாவது மிஞ்சினால்
இங்கேயே கொண்டு வா. நல்ல விலை தருவேன்."

அவன் போன பிறகு
தராசுக்குப் பின்னால் தொங்கும் கண்ணாடியில்
வெட்டிய இடத்தைத் தேடிக் கழுத்தைத் திருப்பினாள்.
ரசம் போன கண்ணாடி.
பிடரி தெரியவில்லை,
சுவர் தெரிந்தது.

வாசலில் இலாரியோ,
உள்ளங்கையில்
இன்னும் ஈரம் காயாத உருண்டை.