ரம்பக்கடவு, எண் 417

மாவட்ட அலுவலகத்துப் படிவத்தில்
'ஊர் வரலாறு' என்பதற்கு நான்கு கோடு.
எழுதிப் பார்த்தேன்.
ஆறு இருந்தது, மரம் இருந்தது.
ரம்பம் வந்தது.
அதனால் ரம்பக்கடவு.
மூன்று கோட்டிலேயே ஊர் முடிந்துவிட்டது.

பார்ட்லெட் துரை நீராவி ரம்பத்தை
நாற்பது மாடு பூட்டி மலையேற்றினாராம்.
பதினேழு மாடு இறங்கவில்லை.
துரைக்கு ஒரு சாலை இருக்கிறது.
மாடுகள் விழுந்த வளைவுக்கு
லாரி டிரைவர்கள் வைத்த பெயர் மாட்டுக்கொண்டை.

மார்கரெட் என்று துரை பெயர் வைத்த யானையைப்
பாகன் கேத்தன் மாரக்கா என்றான்.
இரண்டு பெயருக்கும் அது திரும்பாது.
வெல்லத்துக்குத் திரும்பும்.

தேக்கு, வெண்தேக்கு, ஈட்டி.
ஒவ்வொரு தடிக்கும் அடிவெட்டில்
சுத்தியலால் ஓர் எண்.
ஈட்டி தனியாக மிதக்காது, அவ்வளவு கனம்.
இருபுறமும் மூங்கில் கட்டி ஆற்றில் விடுவார்கள்.
கட்டு அவிழ்ந்தால்
கல்லோடு கல்லாகப் போய்ப் படுத்துவிடும்.

படுக்காமல் போனதெல்லாம்
தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிறது,
யாரோ ஒருத்தி விரல் பழகும் பியானோவாக நிற்கிறது.
எங்கள் வீடுகளுக்குத் தகரம்.

மிச்சம் மரத்தூள் மேடு.
உள்ளே நெருப்பு பிடித்து
மூன்று வருஷம் கனன்றது, எந்த மழைக்கும் அணையாமல்.
இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்
முதல் மார்கழியில்
அதில் முதுகைச் சாய்த்துத் தூங்கினார்கள்.
அந்தச் சூட்டில் பிறந்த செல்லையாதான்
பஸ் ஸ்டாண்டில் பேக்கரி வைத்திருக்கிறார்.

பிறகு வெட்டத் தடை.
ரம்பத்தை எடைக்குப் போட்டார்கள்.

போன வருஷம் என் அலுவலகத்துக்குப் புதுக் கதவு.
பலகையோரம் நீல மையில் 'கனடா'.
அங்கேயும் ஓர் ஆறு இருக்கும்,
எண் அடிக்கிறவன் ஒருவன் இருப்பான்,
மதியச் சோற்றை எதில் கட்டிக்கொண்டு வருவானோ.
மழைக்காலத்தில் அந்தக் கதவு உப்பிக்கொண்டு
திறக்க மாட்டேன் என்கிறது.

இந்த ஆடி வெள்ளம்
பாலத்தை ஒரு பக்கமாகத் தின்றது.
வடிந்தபோது மணலில் ஒரு தடி, கரியாய், முதலை மாதிரி.
சுரண்டினால் 417.

வனத்துறை எங்களது என்றது.
பொதுப்பணித்துறை ஆறு எங்களது என்றது.
நான், கிராம நிர்வாக அலுவலர்,
கரை எங்களது என்று எழுதினேன்.
பல லட்சம் பெறுமாம். தார்ப்பாய் போர்த்தி
ஒரு காவலரும் போட்டாயிற்று.
தார்ப்பாய்க்குள் ஆடு தூங்குகிறது.

டிப்போவின் பழைய பேரேடு
என் பீரோவில்தான் கிடந்தது, கறையான் போக மீதி.
417. ஈட்டி. பதிமூன்றடி. ஆற்றில் தொலைந்தது.
தெப்பக்காரன் வெளுக்கன்.
கூலியில் பிடித்தம் ரூ. 11.50,
மாதம் ஒரு ரூபாய்.
பக்கத்தில் பன்னிரண்டு பெருவிரல் ரேகை.
கடைசி ரேகை அரை ரூபாய்க்கு.
அதுவும் முழு விரல்தான்.

வெளுக்கன் மகள் கெம்பி வந்தாள்.
நூறுநாள் வேலை முடிந்து, தோளில் மண்வெட்டியோடு.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கட்டை கெடச்சிருச்சா?"
"ஆமா."
"அப்ப எங்கப்பன் காசு?"

எந்தத் தலைப்பில் கொடுப்பது?
வெள்ள நிவாரணமா, முதியோர் உதவியா?
நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு,
"வட்டி வேணாம் சார்.
எட்டணாவையும் விட்டுரு, இப்ப செல்லாது.
பதினோரு ரூபா."

என் பையில் பதினோரு ரூபாய் இருந்தது.
எடுத்து நீட்டினேன்.
"உன் காசு எதுக்கு எனக்கு?" என்றாள்.

அன்று இரவு நான்காவது கோட்டில் எழுதினேன்:
வெளுக்கனுக்குத் தர வேண்டிய பாக்கி உண்டு.

படிவம் திரும்பி வந்தது,
'கேட்ட விவரத்துக்குப் பொருந்தவில்லை' என்று
சிவப்பு மையில்.

கெம்பி வியாழன்தோறும் வருகிறாள்.
கனடாக் கதவைத் தோளால் இடித்துத் திறக்கிறாள்.