பதினோராவது பாட்டில் ஒரு கதவு

ஆல்பத்தின் பெயர் 'இருபது மூட்டை'.
ஏன் இந்தப் பெயர் என்று கேட்ட வானொலிக்காரனிடம்
அக்கா சொன்னாள்: "அதன் விலை அது."
அவன் சிரித்தான், கவிதை என்று நினைத்து.
கவிதை இல்லை, கணக்கு.
மிக்ஸிங் செய்தவனுக்குக் கொடுத்த பணத்தில்
இருபது மூட்டைக் கரிக்கட்டி வந்திருக்கும்.
அந்த ஜனவரி முழுக்க
நாங்கள் கோட்டைக் கழற்றவே இல்லை.

உலான்பாதரின் வடக்கு மேட்டில்
பேருந்து திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே
எங்கள் கூடாரம். வட்டம்.
ஆட்டுரோமத்தை நனைத்து, உருட்டி, அமுக்கிய கம்பளிதான் சுவர்.
ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுத்து ஒட்டுகிற பஞ்சு
எங்களைப் போர்த்தியபடி நின்றது.
எதிரொலி கிடையாது.
வாயை விட்டு இறங்கிய சொல்
அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

தொல்லை அடுப்புதான்.
நட்டநடுவில் நிற்கும் இரும்பு.
சூடேறினால் டிக் என்னும், ஆறினாலும் டிக்.
அணைத்துவிட்டுப் பதிவு செய்தால்
இரண்டாம் நிமிடத்தில் மூச்சு வெள்ளையாகும்,
நான்காம் நிமிடத்தில் உதடு மரத்து
'ப' வராது.
ஆகவே எந்தப் பாட்டும் மூன்றரையைத் தாண்டவில்லை.
"இறுக்கமான வடிவம்" என்று ஒருவர் பாராட்டி எழுதினார்.

யேசுய்க்குப் பகலில் மின்சாரப் புகார் எண்ணில் வேலை.
ஒன்பது மணி நேரம் "மன்னிக்கவும்".
ஐந்தாவது பாட்டில் அந்தச் சொல் அறுபத்துநான்கு முறை வருகிறது,
ஒன்றில்கூட மன்னிப்பு இல்லை.

எங்கள் மொழியில் பழைய பாட்டெல்லாம் மோனை.
அடிக்கு அடி தலை சேர வேண்டும்.
அமெரிக்காவிலிருந்து வந்த ராப் வாலில் முடிச்சுப் போடும்.
அவள் இரண்டிலும் போட்டாள்.
தலையிலும் வாலிலும் கயிறு விழுந்தால்
குதிரை நடுவில் எதை உதைக்கும், பார்க்கலாம் என்றாள்.
என் மைக் ஸ்டாண்டை உதைத்தது.
இரண்டாவது பாட்டில் கேட்கலாம், ஒன்று நாற்பதில்.

பதினோராவது.
இரவு இரண்டு மணி, வெளியே மைனஸ் முப்பத்தாறு.
பாதிப் பாட்டில் கதவு தட்டப்பட்டது.
பக்கத்துக் கூடாரத்து லுவ்சான், தண்ணீர் லாரி ஓட்டுபவர்,
ஏற்கெனவே மூன்று முறை சத்தத்துக்காகத் திட்டியவர்.
அக்கா கையை உயர்த்தினாள்: நிறுத்தாதே.
தட்டலைத் தாளமாகப் பிடித்துக்கொண்டாள்.
நாலு, ஒரு இடைவெளி, இரண்டு.
அவர் வேகமானார். அவளும் வேகமானாள்.
பல்லைக் கடித்துக்கொண்டு நான் சிரித்தேன்,
ஒலிமானியில் முள் குதிக்கக் குதிக்க.
கடைசி அடியின் கடைசி அசையில்
கீல் தெறித்தது.

உள்ளே விழுந்தவர் திட்டவில்லை.
என் முகத்தைத் தொட்டார், பிறகு அவள் முகத்தை.
"புகைபோக்கியில் புகை இல்லை," என்றார்.
"விளக்கு மட்டும் எரிகிறது. புகை இல்லை."
கையுறை போட மறந்திருந்தார்.
விரல் முட்டியில் ரத்தம் உறைந்திருந்தது.

அதை நான் வெட்டவில்லை.
கீல் தெறித்த பிறகு பதினொரு நொடி
மூன்று பேர் மூச்சு மட்டும்.

வெளியான முதல் நாள் நாற்பத்து மூன்று பேர் கேட்டார்கள்.
அதில் இருபது நான், வெவ்வேறு போனில்,
பழுதுபார்க்க வந்த போன்களில்.
ஏப்ரலுக்குள் கணக்கு என் கையை விட்டுப் போனது.
பெர்லினிலிருந்து ஒருவன் கேட்டிருந்தான்,
பதினொன்றில் என்ன டிரம், எந்த மாடல்?
"பைன் மரம், சிவப்புப் பெயின்ட்," என்று பதில் போட்டாள் அக்கா.

லுவ்சானுக்கு லாரியில் வைத்து ஒருமுறை போட்டுக் காட்டினேன்.
என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்.
பாட்டு வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"நானா இப்படித் தட்டினேன்," என்றார்,
பிறகு ஹோஸைச் சுருட்டப் போனார்.

புதுக் கீல் போட்டாயிற்று.
கதவு இன்னும் சரியாகப் பொருந்தவில்லை.