செம்போத்து

நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை
ராத்திரி லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போய்விடும்.
விடிந்தால் ஷெட்டில் தீனித் தட்டு, தண்ணீர்க் குழாய்,
மிதிபட்டு இறுகிய தேங்காய்நார்க் கழிவு,
கண்ணை அறுக்கும் அந்த நெடி.
அப்போதுதான் எங்களுக்கு வேலை:
எனக்கு, மாராளுக்கு,
பேர் கேட்டால் சிரிக்கிற அந்தப் பீகார்ப் பையனுக்கு.

எருவைச் சுரண்டி மூட்டை கட்ட ஒரு நாள்.
ஒட்டடை அடித்து, பைப் வைத்துப் பீய்ச்சி,
சோடா மாவு போட்டுத் தேய்க்க இன்னொரு நாள்.
மூன்றாம் நாள் நெருப்பு.
கம்பிவலையில் ஒட்டிய பொங்கெல்லாம்
பர்னர் பட்டுச் சுருளும்.
அந்தக் கருகல், மத்தியானம்
சோற்றுப்போசியைத் திறந்தால் அதிலிருந்தும் வரும்.

பிறகு சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் கலந்து
தரையிலிருந்து என் தோள் உயரம்வரை.
ஆடிக் காற்று பாதியை எங்கள் மேலேயே அடிக்கும்.
கடைசியாய் மருந்து. முகத்தில் துண்டைக் கட்டிப்
பின்னாலேயே நடந்து வாசல்வரை அடித்து
படுதாவை இறக்கினால்
பதினைந்து நாள் ஒரு ஈ உள்ளே போகக்கூடாது.

இவ்வளவு சுத்தம்
என் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் செய்யவில்லை.

புது சூப்பர்வைசர் மௌலீஸ்வரன்
அன்று ஒரு தாளை நீட்டினார்.
"வூட்டுல கோழி, வாத்து, புறா ஏதாச்சும் வளக்கறீங்களா?"
"இல்லீங்க."
"ஒண்ணுகூட?"
"இல்லீங்க சார்."
கையெழுத்துப் போடக் குனிந்தேன்.
தலைத்துண்டிலிருந்து ஓர் இறகு நழுவி
ஈரம் காயாத சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டது.
செங்கல் நிறம். ஓரம் கறுப்பு.
வெள்ளையைத் தவிர வேறு இறகு
அந்த ஷெட்டில் விழுந்ததே இல்லை.

மாராள் வேலியைப் பார்த்தாள்.
அவர் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார்.
"செம்போத்தாட்டம் இருக்குதுங்க.
வேலியோரம் திரியுதோ என்னமோ."
"ஆமாங்க. திரியுதுங்க."
பர்னரைப் பற்றவைக்கச் சொன்னார்.
ஒரு நொடி.

என் செம்போத்துகள் ஒன்பது.
குண்டடம் சந்தையில் வாங்கிய நாலு, மிச்சம் அதுகள் பெருக்கியது.
பொழுதிறங்க வீடு திரும்பினால்
படல்வரைக்கும் ஓடிவரும்.
"ச்சூ, அக்கட்டால போ!"
நிற்காமல் பொடக்காலிக்குப் போய்
தலையோடு ஊற்றிக்கொண்டு, சேலை மாற்றி,
நகத்திடுக்கைத் தேய்த்துவிட்டுத்தான்
கம்பை அள்ளி வீசுவேன்.

தாளில் இருந்தது
என் கோழியிலிருந்து அவர்கள் கோழிக்குப் போகும் சீக்கு.
அங்கிருந்து இங்கே வருவதற்குத் தாள் கிடையாது.
போன தையில் ஆறு குஞ்சு
வெள்ளையாய்க் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு போயின.
எந்தச் செருப்பில் வந்ததோ.
என் செருப்பாகவும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கொடாப்பைக் கவிழ்த்து வெயிலில் போடுவேன்.
மூங்கில் இடுக்கில் கசகசா போலச் செல்லு ஊரும்.
கொதிக்கிற தண்ணீர், அடுப்புச் சாம்பல், வேப்பந்தழைப் புகை,
பண்ணையில் மிஞ்சிய சுண்ணாம்பு அரை டப்பா.
கேட்டுத்தான் எடுத்துவந்தேன், மாட்டுக் கட்டுத்தரைக்கென்று.
எனக்கு மாடு கிடையாது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
படலுக்கு வெளியே பைக் நின்றது. சார்.
நூலான் கூரைமேல் ஏறிக் கூவிக்கொண்டிருந்தான்,
மறைக்க ஒன்றுமில்லை.
"வூட்ல கொழந்தை பொறந்திருக்குதுங்க.
நாட்டுக்கோழி முட்டை கெடைக்குமான்னு..."
"உள்ள வாங்க."
"வரலீங்க." கால்கூட கீழே ஊன்றவில்லை.
"ஷெட்டுல இருந்து நேரா வர்றேன்.
செருப்பெல்லாம் அந்த மண்ணு."

பதினொன்று இருந்தது.
கருப்பி அடையிலிருந்தாள், அவளுக்கு அடியில்
அன்றைக்கு வேறொருத்தி இட்டது ஒன்று இருக்கும்.
கையை விட்டேன்.
கொத்திவிட்டாள்.
பதினொன்றுக்குக் காசு வாங்கினேன்.