செல்லூர்க் கிடங்குக் கதவு

பம்பாயில் உடைத்த கப்பலாம்.
லாரியிலிருந்து இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.
பெயர் கேட்டேன்.
ரசீதில் எடை மட்டும்தான் இருந்தது.

"சுரண்டிட்டு நீலம் அடி" என்றார் நீலமேகம்.

மேலே பாசிப்பச்சை,
ஹஜ் பயணிகளை ஏற்றிய கடைசி வருஷங்கள் என்றான் லாரிக்காரன்.
அதன் கீழே வெள்ளை.
வெள்ளை உரிந்ததும் சாம்பல்,
சண்டைக்கு அவசரமாக அடித்தது;
தூரிகை மயிர் இரண்டு அப்படியே ஒட்டியிருந்தன.
சாம்பலில் ஆணிக் கீறல்கள்:
ஐந்தைந்தாகப் பதினொரு கட்டு,
அப்புறம் தனியாக ஒரு கோடு.
கரை வந்துவிட்டதா,
கீறியவன் போய்விட்டானா?
தகட்டை அங்கேயே வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

கடைசி அடுக்கு சந்தன நிறம்.
தங்கத்தில் ஓர் அம்பு, கூடவே ஆங்கில எழுத்து,
மூச்சை அடக்கி எழுதிய கை.
கணக்குப்பிள்ளை படித்துச் சொன்னார்:
"டான்ஸ் ஆடுற ஹால் அந்தப் பக்கம்."

எல்லாவற்றின் மேலும் நீலம் அடித்தேன்.
அம்பை மட்டும் விட்டேன்.
நிலையில் மாட்டியதும் அது வைகையைக் காட்டியது,
மணலும் கழுதைகளும்.

அந்த ஐப்பசியில்
அம்பு காட்டிய பக்கமிருந்தே வந்தது ஆறு.
நூல் கட்டுகளை உள்ளே அடுக்கி
எட்டுத் திருகையும் இறுக்கிவிட்டு
எதிர்மாடியில் நின்றோம்.
ஒரு சொட்டு விடவில்லை கதவு.

விடியும்போது
பக்கத்துச் சுவர் விழுந்தது.

தலையில் கைவைத்து உட்கார்ந்தார் நீலமேகம்.
கதவு பூட்டியபடியே நின்றது,
இரண்டு பக்கமும் தண்ணீரோடு.
கூரை போன கிடங்குக்குள்
நூல் கட்டுகள் ஜோடி ஜோடியாக
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.