நூற்றெழுபத்தாறு ஓம்

லெனேஷியாவில் ஜூலை.
குழாயடிப் புல்லில் உறைபனி,
யாரோ உப்பை இறைத்துவிட்டுப் போனதுபோல.
பாரக்வனாத் ஆஸ்பத்திரியில்
இரவு முழுக்க நின்றுவிட்டு
ஆறரைக்கு வரும் தவமணி
குளியலறை வாசல்வரை காலணியைக் கழற்றமாட்டாள்.
கழற்றி, டைல்ஸில் கால் வைத்ததும்
ஒரு சத்தம் போடுவாள்.

போன ஈஸ்டர் வாரம் பூக்குழி இறங்கியவள்.
அன்று முகம்கூடச் சுளிக்கவில்லை.
“நெருப்பு பரவாயில்லை, பொய் சொல்லாது.
இந்தத் தரை இருக்கே…” என்பாள்.

பிஸ்கட் ஃபாக்டரி மூடியதை
மூன்று வாரம் அவளிடம் சொல்லாதவன் நான்.

அதனால் வாங்கினேன் ஒரு பாய்.
நாலு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம்.
வலையில் தைத்த ஆரஞ்சுக் கம்பி
போய்ப் போய்த் திரும்பும்,
சாவியை மறந்துவிட்டு வந்தவன்போல.
படுக்க ஆகாத பாய்.
ஒருமுறை விரித்தால்
சுருட்டவும் ஆகாது.

தாளில் கொட்டை எழுத்தில் ஒன்றுதான்:
வலையை வெட்டலாம், கம்பியை வெட்டாதே.
வெட்டினேன், திருப்பினேன்,
மறுபடி வெட்டினேன், திருப்பினேன்.
தொட்டிக்கு அடியில் கூடாது,
அலமாரிக்கு அடியில் கூடாது,
மூடி வைத்த சூடு தன்னையே தின்னுமாம்.
அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம்
தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன்:
நூற்றெழுபத்தாறு ஓம்.
கோயிலில் நூற்றெட்டுதான்,
எங்கள் குளியலறையில் அறுபத்தெட்டு அதிகம்.
விரிக்குமுன் ஒருமுறை, விரித்தபின் ஒருமுறை,
டைல்ஸ் பதித்தபின் ஒருமுறை,
மூன்றிலும் அதே எண் வரவேண்டும்.
கெரிஷ்னி தன் பள்ளி நோட்டின் பின் அட்டையில்
கட்டம் போட்டு எழுதினாள்:
176. 176.
மூன்றாவது கட்டம் காலி.

கம்பிகளுக்கு நடுவே, ஒரு குழாய்க்குள்,
தரையின் சூடு பார்க்கச் சின்னதாய் ஒரு உணரி.
தவமணி குனிந்து பார்த்தாள்.
“நாக்குக்கு அடியில் வெச்சியா, அக்குளிலா?”
மார்ச்சுக்குப் பிறகு
அவள் செய்த முதல் கேலி.

கடைசியில் எண்பது சென்டிமீட்டர் மிஞ்சிற்று.
அளந்தவன் நான்தான்.
வெட்ட முடியாது. மடிக்க முடியாது.
கம்பிமேல் கம்பி படக்கூடாது.
சொல்லாமல் வந்த விருந்தாளியை
எங்கே படுக்கவைப்பது என்று
அரைநாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு நிலைப்படியைக் கொத்தி
வெளியே நடைவழிக்கு இழுத்துவிட்டேன்.

பசை காய எட்டு நாள்.
இணைப்புக் கொடுத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட
மொகேத்தி வந்தார்.
“நடைவழிக்கு எதற்குச் சூடு?” என்றார்.
“காத்திருக்கிறவங்களுக்கு” என்றேன்,
வாய்க்கு வந்ததை.
அவர் மீட்டரில் 175.8.
கெரிஷ்னி அதையும் எழுதிக்கொண்டாள்.
குறைந்த புள்ளி இரண்டுக்கு
யாரும் சண்டை போடவில்லை.

சாயங்காலம் பொத்தானை அமுக்கினேன்.
பச்சை விளக்கு எரிந்தது,
அடுத்த கணம் தெருவே இருண்டது.
நாலு மணி நேர மின்வெட்டு.
வெறுங்காலோடு மூன்று பேரும்
இருட்டில் நின்று சிரித்தோம்,
நான் கொஞ்சம் பிந்தி.
அவள் வேலைக்குக் கிளம்பும்வரை
கரண்ட் வரவில்லை.

காலையில் நான் உள்ளே
முகம் மழித்துக்கொண்டிருந்தேன்.
கேட் சத்தம். சாவி. நடைவழியில் காலடி.
வழக்கமாய்க் கதவில் மூன்று தட்டு விழும்.
விழவில்லை.

முகத்தில் நுரையோடு திறந்தேன்.
காலணிகள் ஓரமாய்.
சுவரில் தலை சாய்த்து,
கால்விரல்களை விரித்து,
அந்த எண்பது சென்டிமீட்டரில்
தவமணி நின்றிருந்தாள்.

“முடிஞ்சுது, வா” என்றேன்.

கண் திறக்கவில்லை.
“நீ மெதுவா முடி” என்றாள்.