கால்பங்குப் போர்வை

அரசாங்கக் கூலி, வாரம் இருபத்துமூன்று டாலர்.
வேலை: போர்வையைப் பார்த்துப் போர்வை வரைவது.
அதற்கு முன் கடைப் பலகைகளில் எழுத்து எழுதியவன் நான்.
கடைசியாக எழுதிக் கொடுத்தது
'மூடப்பட்டது.'

ஹில்டா ஷ்ராக்கின் சாப்பாட்டு மேசை மேல்
மூலைக்கு ஓர் ஆப்பிள் வைத்து விரித்திருக்கிறோம்.
செங்கல் சிவப்பில் நட்சத்திரங்கள்.
நடுவே முகம் பார்த்த பறவை ஜோடிகள், அவுரி நீலம்.
ஓரம் முழுக்க வேலி,
தாண்டிப் போக எதுவும் இல்லாத வேலி.

நீலம்தான் மூன்று நாளைத் தின்றது.
முதல் நாள் கலந்தது வானமாகிவிட்டது.
மறுநாள், மை.
மூன்றாம் நாள் தூரிகை நுனியில் துளி கருப்பு தொட்டேன்,
வந்தது
எழுபது குளிர்காலம் யார் யாரோ
கழுத்துவரை இழுத்துக்கொண்ட நீலம்.

வெள்ளையை வரைய முடியாது, விட்டுவைக்கத்தான் முடியும்.
பருத்தி இழை எட்டிப்பார்க்கும் இடமெல்லாம்
தாளைத் தாளாகவே விட வேண்டும்.
தொடாமல் இருக்கையில்தான் கை அதிகம் நடுங்குகிறது.

பிலடெல்பியாவிலிருந்து வந்த மேற்பார்வையாளர்
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"கால்பங்குக்கு வண்ணம் போதும், பிரெனமன்.
மற்றது பென்சிலில். அதேதானே திரும்பத் திரும்ப வருகிறது?"

வரவில்லை.
இடது கீழ் மூலையில் ஒரு பறவைக்குத்
தலை மட்டும் வேறு நீலம், கொஞ்சம் பச்சை ஏறியது.
நெய்தவருக்கு நூல் தீர்ந்திருக்கலாம்.
பொழுதும் தீர்ந்திருக்கலாம்.
ஹில்டாவிடம் காட்டினேன்.
"அதுவா? அது இருக்கிற பக்கம் கால்," என்றாள்
உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே.
"இல்லையென்றால் எப்படித் தெரியும்?"

அன்று மாலையே பனி கொட்டத் தொடங்கியது.
ஆப்பிள்களை ஒவ்வொன்றாய் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.
"தப்பாக நினைக்காதீர்கள். சின்னவனுக்கு இருமல்."
ஒரு பறவைக்கு வால் பாக்கி என்று
சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.
என் தாளில் போர்வை ஈரமாகவே இருந்தது,
ஒரு எலிக்குஞ்சுக்கும் உதவாது.

மாடியில் அவன் இருமினான்.
வேலி இந்நேரம் முழங்காலில் ஏறி இறங்கியிருக்கும்,
நட்சத்திரங்கள் மடிந்திருக்கும்,
கால்மாட்டில்
அந்தத் தலை.

வாலை மனக்கணக்கில் போட்டு முடித்தேன்.
பிறகு பென்சில் கோடுகளுக்குள், இடது கீழே,
பச்சை ஏறிய நீலம் ஒரே ஒரு சொட்டு.

அலுவலகச் சீட்டில் எழுதியிருந்தார்கள்:
நல்ல வேலை. ஒரு மூலையில் வண்ணம் சிந்தியிருக்கிறது.